எட்டாம் ஆண்டுக்காரர் தீர்ப்புச் சொல்லட்டும்

பிளாக்டவுன்
சித்திரை விடுமுறை

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதியது நீளம், கேட்டது ஒன்றுதான். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் உன் தலையில் கட்டிவிட்ட எட்டாம் ஆண்டு வகுப்பு எதைக் கொடுத்தாலும் வாசிக்க மாட்டேன் என்கிறது. அமெரிக்காவில் பதின்ம வயதுப் பிள்ளைகள் தாங்களே எழுதிய உண்மைக் கதைகளைத் தொகுத்து வகுப்புகளில் கொடுக்கிறார்களாம், இங்கேயும் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். செய். பலன் இருக்கும். ஆனால் ஏன் பலன் இருக்கும் என்று நீ சொன்ன இரண்டு காரணங்களும் எனக்குச் சரியாகப் படவில்லை. காரணத்தைப் பிழையாகப் பிடித்தவர் கையில் நல்ல கதைகூட இரண்டு வாரத்தில் பாடப்புத்தகமாகிவிடும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மொழி இலகுவாக இருக்கும், ஆகவே வாசிப்பார்கள் என்பது உன் முதல் காரணம். உன் வகுப்புப் பெடியன்கள் வாசிக்கத் தெரியாதவர்களா என்ன? ஒரு கால்பந்து வீரர் கழகம் மாறிய கதையை, எத்தனை பக்கம் ஓடினாலும், கைப்பேசியில் கடைசி வரி வரைக்கும் பார்க்கிறவர்கள் அவர்கள். இரண்டாவது காரணம், கதைகள் சோகமானவை, மனதைத் தொடும் என்பது. தன் மனதைத் தொடுவதற்கென்று ஒருவர் கிளம்பி வருகிறார் என்றால் பதின்மூன்று வயதுக்காரனுக்கு அது வாசலிலேயே தெரிந்துவிடும். உள்ளே விடமாட்டான்.

மேற்குச் சிட்னியில் எங்கள் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு வாசிப்பு என்றால் என்ன என்று யோசித்துப் பார். நாலாம் ஆண்டில் திறமைசாலிகள் வகுப்புக்கான ஓ.சி. சோதனை, ஆறாம் ஆண்டில் தெரிவுப் பள்ளிகளுக்கான செலக்டிவ் சோதனை, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் ஆண்டுகளில் நாடு முழுதும் நடக்கும் நாப்லான் சோதனை. டூங்காபியிலும் வென்ற்வேர்த்வில்லிலும் செவன் ஹில்ஸிலும் வார இறுதிக் காலையில் கோச்சிங் வகுப்பு வாசல்களில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உள்ளே ஒரு பந்தி, கீழே கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. அந்தப் பந்தியை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சரியான விடை ஏற்கெனவே வேறு ஒருவரிடம் இருக்கிறது. பிள்ளையின் வேலை அதை ஊகிப்பது. அங்கிருந்து தமிழ்ப் பள்ளிக்கு வந்தால் இங்கேயும் ஒரு பாடம், அதன் அடியில் பின்வரும் வினாக்களுக்கு விடை தருக. உன் பெடியன் வாசிக்காதவன் இல்லை. பல வருடமாக ஓயாமல் வாசித்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு.

அவன் வயதுப் பிள்ளை ஒருத்தி எழுதிய உண்மைக் கதை கைக்கு வரும்போது அவன் நிற்கிற இடம் மாறுகிறது. புதுப் பள்ளிக்கு வந்த முதல் நாள் மதிய இடைவேளையில் யாரோடு போய் உட்காருவது, ஆசிரியர் பெயரைக் கடித்துக் குதறும்போது திருத்துவதா விட்டுவிடுவதா, அப்பா வேறு வீட்டுக்குப் போன பிறகு பெற்றோர் சந்திப்புக்கு யார் வருவது, இதிலெல்லாம் விஷயம் தெரிந்தவன் அவன்தான். உனக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று, எனக்கோ அது வேறு நாடு, வேறு காலம். கதையில் ஒரு பேச்சுப் பிசகினால் உடனே பிடித்துவிடுவான். “சும்மா விடுறா மிஸ், ஒருத்தரும் இப்படிக் கதைக்க மாட்டினம்” என்பான். அந்த வாய்க்கொழுப்புக்காகத்தான் நீ காத்திருக்க வேண்டும். எங்கே சும்மா விடுகிறாள் என்று காட்டுவதற்கு அவன் பக்கத்தைத் திருப்ப வேண்டும், வரியைத் தேட வேண்டும், அதற்கு முந்திய வரியையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவள், இல்லை, என்னுடைய அக்கா அப்படித்தான் கதைப்பாள் என்று மல்லுக்கு நிற்பாள். இரண்டு பேரும் கதையைத் திரும்பவும் வாசிப்பார்கள். நீ சொல்லாமலே.

ஆகவே கதை முடிந்ததும் நீ வாயைத் திறக்காதே. இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்ற கேள்வியை வகுப்புக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போ. உண்மையா, அலட்டலா, எங்கே சலித்தது, எதை ஒளிக்கிறாள் என்று அவர்கள் பேசட்டும். தீர்ப்புச் சொல்லும் உரிமையை ஒரு முறை கையில் கொடுத்துப் பார். எடுத்தவர்கள் இலேசில் திருப்பித் தர மாட்டார்கள்.

நீ பார்த்த கதைகள் அநேகமாக நியூயோர்க்கின் யூத் கம்யூனிகேஷன் நிறுவனம் வெளியிட்டவையாக இருக்கும். கீத் ஹெஃப்னர் 1980இல் தொடங்கியது. நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் இதழ் ஒன்றோடு ஆரம்பித்து, 1993 முதல் பெற்றோரைப் பிரிந்து அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் எழுதும் இன்னொரு இதழையும் நடத்தினார்கள். கதைகளைவிட அவை உருவாகும் விதத்தைத்தான் நீ பார்க்க வேண்டும். பிள்ளை கொண்டு வருகிற முதல் பிரதி அச்சுக்குப் போவதில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, அப்போது அறையில் வேறு யார் இருந்தது, நீ என்ன பதில் சொன்னாய், அதற்கு முதல் நாள் என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டு, பல பிரதிகள் எழுதவைத்த பிறகே கதை வெளிவருகிறது. பட்டதை அப்படியே கொட்டினால் அதுதான் உண்மை என்று ஒரு மயக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. கொட்டியது எழுதியவருக்கு ஆறுதல் தரலாம். முன்பின் தெரியாத இன்னொரு பிள்ளை அதைக் கடைசி வரை வாசிப்பதற்குச் சீவிச் செதுக்க வேண்டும்.

ஆன் பிராங்க் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமி. அவள் தன் நாட்குறிப்பைத் தானே திருத்தி எழுதியவள் என்பது பலருக்குத் தெரியாது. 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில், போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் சேகரிக்கப்பட வேண்டும் என்று அமைச்சர் ஒருவர் பேசியதைக் கேட்டாள். மே மாதத்தில் தனித் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பழைய பதிவுகளை மாற்றி எழுதத் தொடங்கினாள். சிலதை வெட்டினாள், சிலதைச் சேர்த்தாள், கூட இருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர் வைத்தாள். பதினைந்து வயது நிறையவில்லை. ‘எனக்கு எழுத வராது, ஒருமுறை எழுதியதைத் திரும்பத் தொடவும் மாட்டேன்’ என்று அடம்பிடிக்கிறவர்களிடம் இந்த விஷயத்தைச் சொல்லிப் பார். அறிவுரையாகச் சொல்லாதே, ஊர்ப் புதினம் மாதிரிச் சொல்.

பிள்ளைகளின் எழுத்தையே பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுப்பது அமெரிக்கக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. முதல் உலகப் போரில் நுரையீரல் அடிபட்டுத் திரும்பிய பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தின் ஃப்ரெனே, நீண்ட நேரம் நின்று பேச முடியாத நிலையில், 1924இல் தன் கிராமப் பள்ளிக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்து வைத்தார். பிள்ளைகள் எழுதினார்கள், எழுத்துக் கோத்தார்கள், அச்சடித்தார்கள், அதையே வாசித்தார்கள். எங்களுக்குப் பக்கத்து நாடான நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன் வார்னர், இங்கிலாந்துப் பாடப்புத்தகங்களில் ஒட்டாத மாவோரிக் குழந்தைகளிடம், உனக்கு இன்றைக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அவர்கள் கேட்ட பயத்தின் சொற்களையும் பாசத்தின் சொற்களையும் அட்டையில் எழுதிக் கொடுத்து அதிலிருந்து வாசிப்பைத் தொடங்கினார். அவர் எழுதிய ‘டீச்சர்’ 1963இல் வெளிவந்தது. நீ படிக்கிற பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்கும், தேடிப் பார்.

எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர்கள் பார்பியானாப் பெடியன்கள். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகருக்கு வடக்கே மலையில் ஒரு குக்கிராமம் அது. மேலிடத்துக்குப் பிடிக்காத பாதிரியார் லொரென்சோ மிலானியை 1954இல் அங்கே தூக்கிப் போட்டார்கள். அரசுப் பள்ளியில் பெயிலாகி வெளியேறிய விவசாயப் பிள்ளைகளைச் சேர்த்து அவர் ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பிள்ளைகளில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967 மே மாதம் புத்தகமாக வந்தது, அடுத்த மாதம் மிலானி இறந்துபோனார். தமிழில் ஜே. ஷாஜஹான் மொழிபெயர்ப்பில் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்ற பெயரில் அது கிடைக்கிறது. தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் கூடிப் பேசுகிற இடங்களில் அடிக்கடி அடிபடுகிற புத்தகம்.

அவர்கள் எழுதிய முறையை நீ அப்படியே எடுத்துக்கொள்ளலாம், காசு செலவில்லை. ஒவ்வொருவன் பையிலும் ஒரு குறிப்பேடு. தோன்றுகிறபோதெல்லாம் ஒரு எண்ணம், ஒரு தாள். ஒரு தாளில் இரண்டு எண்ணம் கூடாது. ஒரு நாள் எல்லாத் தாள்களையும் பெரிய மேசையில் பரப்புகிறார்கள். ஒன்றையே இரண்டு தடவை சொல்லும் தாள்களைக் களைகிறார்கள். உறவானவற்றைக் குவிக்கிறார்கள், குவியல்கள் அத்தியாயமாகின்றன. பிறகு ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதில் தேவையில்லாத சொல் எது, இரண்டாகப் பிரிக்க வேண்டிய வாக்கியம் எது, நாங்களே சாதாரணமாகப் பேசாத சொல் எது என்று விவாதம். கடைசியில் கடிதத்துக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாட்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார்கள், அவர்களுக்கு விளங்காத இடத்தைத் திருத்துகிறார்கள். எழுத வராது என்று பள்ளி முத்திரை குத்திய பிள்ளைகள், இத்தனை சல்லடை போட்டுச் சலித்தார்கள். உன் வகுப்பில் பேனை பிடிக்கவே மறுக்கிறவன் இருப்பானே, அவனுக்குத் தாள்களை அடுக்கும் வேலையைக் கொடு. அடுக்குவதற்கு அவன் எல்லாவற்றையும் வாசித்தாக வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இந்த ஊரின் பெயரே ஒரு பள்ளிக்கூடத்தோடு ஒட்டியது என்பது உன் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆளுநர் மக்வோரி பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று பாரமட்டாவில் தொடங்கிய பள்ளி 1823இல் இங்கே, ரிச்மண்ட் வீதிப் பக்கம், மாற்றப்பட்டது. அந்தப் பள்ளியும் அதைச் சுற்றியிருந்த டாருக் மக்களின் குடியிருப்பும் சேர்ந்து தந்த பெயர்தான் பிளாக்டவுன். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து வாசிக்க எழுதப் பழக்கினார்கள். தங்கள் ஆட்களை மறக்கவைப்பதற்கான வாசிப்பு அது. பள்ளி பாரமட்டாவில் இருந்தபோது முதலில் சேர்க்கப்பட்டவர்களில் டாருக் தலைவர் யரமுண்டியின் மகள் மரியாவும் ஒருத்தி. 1819இல் சிட்னியில் நடந்த பரீட்சையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் முந்தி முதற்பரிசு வாங்கிய பதினான்கு வயதுப் பழங்குடிப் பெண் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று வரலாற்றுக்காரர் கருதுகிறார்கள். நான் உனக்குச் சொல்ல வந்தது அந்தப் பரிசைப் பற்றி இல்லை. 1831இல், கைதியாக இங்கே வந்து தச்சு வேலை செய்த ஒருவரின் மனைவியாக இருந்தபோது, தன் சகோதரன் கோல்பிக்கு பிளாக்டவுனில் கொடுக்கப்பட்ட நிலம் தனக்கு வர வேண்டும் என்று ஆளுநர் டார்லிங்குக்கு மனு எழுதினாள். தான் யார், எந்தப் பள்ளியில் படித்தவள், தனக்கு என்ன உறுதி தரப்பட்டது என்று தன் கதையையே அதில் எழுதினாள். இழுத்தடித்து 1843இல் அந்த 30 ஏக்கர் அவளிடம் வந்தது. அந்தப் பள்ளி இருந்த நிலமோ 2018இல்தான் டாருக் மக்களின் கைக்குத் திரும்பியது.

பரீட்சைக்காக வாசித்தவள் தனக்கென்று ஒன்று வேண்டியபோது எழுதினாள். உன் வகுப்பில் முதல் நாள் இந்தக் கதையைச் சொல்லலாம். ஊரின் மூத்த குடிகளின் கதை என்பதால் கவனமாகச் சொல், ஆனால் சொல்.

புத்தகங்கள் என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். டெங் அடுட்டின் ‘சாங்ஸ் ஒஃப் எ வார் போய்’ 2016இல் வந்தது. சூடானில் சிறுவனாகப் படைக்கு இழுக்கப்பட்டு, 1998இல் அகதியாக இங்கே வந்து, எங்கள் பிளாக்டவுனிலேயே வளர்ந்து வழக்கறிஞரானவர். குழந்தைகளுக்கான விகிள்ஸ் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து ஆங்கிலம் பழகியவர் என்றால் உன் பெடியன்கள் சிரித்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பார்கள். அலிஸ் புங் 2008இல் தொகுத்த ‘குரோயிங் அப் ஏசியன் இன் அவுஸ்திரேலியா’வில் சின்னச் சின்ன உண்மைக் கதைகள் உண்டு, ஒரு வகுப்பு நேரத்துக்குள் ஒன்று முடியும். இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டிலும் பெரும்பாலும் பேசுவது வளர்ந்தவர் குரல். கரையேறிவிட்டவர் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார், முடிவு என்ன என்று அவருக்குத் தெரியும். நடுவில் நிற்கிற பிள்ளைக்கு அது தெரியாது, அந்தத் தெரியாமைதான் சக வயது வாசகனைப் பிடித்து இழுப்பது. ஷங்கரி சந்திரனுக்கு 2023இல் மைல்ஸ் பிராங்கிளின் பரிசு கிடைத்தபோது எங்கள் வீடுகளில் பரிசு பெற்ற நாவலை வாங்கிப் பிள்ளைகள் கையில் திணித்தார்கள். பெருமை நியாயம். முதியோர் இல்லத்தில் நடக்கும் கதையைப் பதின்மூன்று வயதுக்காரன் மூடி வைத்துவிட்டால் அதற்காக அவனைத் திட்டாதே. அவன் முறை வரும்போது எடுப்பான்.

நடுவில் நின்று எழுதிய பிரதிகள் வேண்டுமென்றால் ரயிலேறிப் பாரமட்டாவுக்குப் போ. ஸ்டோரி ஃபாக்டரி என்ற எழுத்துக் கூடம் 2012இல் ரெட்பேர்னில் தொடங்கி, 2018இல் பாரமட்டாவில் இன்னொரு இடம் திறந்தது. டேவ் எக்கர்ஸும் நண்பர்களும் 2002இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எழுத்துக் கூடத்தைப் பார்த்துச் செய்தது. பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை. ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்து குறுநாவல் எழுதி முடிக்கும் திட்டம்கூட உண்டு, எழுதியதைப் புத்தகமாக அடித்துக் கொடுக்கிறார்கள். எல்லாம் உண்மைக் கதை இல்லை. கற்பனையும் கவிதையும் கலந்தது. ஆனால் பதினைந்து வயதுப் பெயர் அட்டையில் இருக்கும் புத்தகத்தை உன் வகுப்பு கையில் தூக்கிப் பார்ப்பது முக்கியம்.

தமிழில் என்ன இருக்கிறது என்பதுதான் உன் அடுத்த கவலை. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய ஆண்டு மலர்கள் வருடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளிடம் அப்பாவின் அல்லது அம்மம்மாவின் பள்ளிக்கூடப் பெயரையும் படித்த வருடங்களையும் கேட்டு வரச் சொல். தேடினால் சில வேளை அவர்கள் மாணவராக இருந்தபோது எழுதியதே அகப்படலாம், இல்லாவிட்டாலும் அதே வகுப்பறையில் இருந்த ஒருவர் எழுதியது அகப்படும். உள்ளதைச் சொல்வதென்றால், அதில் பாதி நேரத்தின் அருமை, நூல்நிலையத்தின் பயன் வகை. ஆசிரியரின் கை எழுத்துக்கு எழுத்து தெரியும். அதையும் தீர்ப்புக்கு விடு. இதில் உண்மையாகவே பதினைந்து வயதுக்காரர் எழுதிய வரி எது என்று தேடச் சொல். ஒரு சுற்றுலாக் கட்டுரையின் நடுவில், பஸ் பழுதாகி நின்ற இடத்தில், திடீரென்று ஒரு நிசமான வரி வந்து நிற்கும். வகுப்பு அதைக் கண்டுபிடிக்கும்போது தமிழ் வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். அவர்கள் எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதினால் எழுதட்டும், கலந்தாலும் கலக்கட்டும். அம்மா பேசுகிற இடம் வந்தால் அங்கே தமிழ் வராமல் போகாது.

இனிச் சொல்லப்போவதில் மட்டும் என்னோடு வாதாட வராதே.

வாசிக்கிற பிள்ளையின் நன்மைக்காக எழுதுகிற பிள்ளையைக் காவு கொடுக்கக் கூடாது. எங்கள் சனம் சின்னச் சனம். வென்ற்வேர்த்வில்லில் ஒரு வீட்டில் நடந்தது அடுத்த பொங்கல் விழாவுக்குள் மெல்பேர்ண் வரைக்கும் போய்விடும். ஒரு பிள்ளை அம்மா அப்பா சண்டையைப் பற்றி எழுதினால், பெயர் போடாவிட்டாலும், கார் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். பாகிஸ்தானில் மலாலா 2009இல் பிபிசி உருது சேவைக்கு நாட்குறிப்பு எழுதியபோது குல் மகாய் என்ற புனைபெயரில் எழுதினாள், அப்போது அவளுக்குப் பதினொரு வயது. உங்கள் வகுப்புத் தொகுப்பில் பெயரே வேண்டாம், எண் போடு. எழுதியவர் எப்போது வேண்டுமானாலும், அச்சுக்குப் போகிற அன்று காலையில்கூட, வேண்டாம் என்று எடுத்துவிடலாம் என்று முதலிலேயே சொல், சொன்னபடி நட. இணையத்தில் போடுவோமா என்று யாராவது உற்சாகமாகக் கேட்பார்கள். 2025 டிசம்பரிலிருந்து இந்த நாட்டில் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கே கிடையாது. அந்தச் சட்டம் சரியோ பிழையோ, உனக்கு அது ஒரு வசதி. நூறு பிரதி அடித்த தாள் புத்தகம் போதும். அதைத் திரும்பச் சேர்த்து எடுக்க முடியும்.

போரைப் பற்றி எழுது என்று யாரையும் கேட்காதே. தமிழ்ப் பிள்ளை என்றவுடன் முள்ளிவாய்க்காலையும் படகையும் எதிர்பார்க்கிற பார்வை வெளியிலும் இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறவள் தானாக வருவாள். மற்றவன் வெஸ்ட்பொயிண்ட் கடைத்தொகுதியில் சப்பாத்து வாங்கப் போய் அம்மாவோடு சண்டை பிடித்ததை எழுதட்டும். அது நன்றாக எழுதப்பட்டால் எந்தச் சோகக் கதைக்கும் குறைந்ததில்லை. சோகத்துக்கு அதிகப் புள்ளி கிடைக்கும் என்று ஒரு தடவை மணந்துவிட்டால் பிள்ளைகள் சோகத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு தீர்ப்பு, உண்மை எல்லாம் போச்சு.

சில வேளை ஒரு தாளில் அடி, பட்டினி, தொடக்கூடாத கை என்று ஏதாவது வரும். அது கதை இல்லை, முறைப்பாடு. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று நீ எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்க முடியாது என்பதை எழுதத் தொடங்கும் முதல் நாளே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு. நியூ சவுத் வேல்ஸில் சம்பளத்துக்குப் படிப்பிக்கும் ஆசிரியருக்கு அறிவிப்பது சட்டக் கடமை, சிறுவர் பாதுகாப்பு உதவி எண் 132 111. நீ இன்னும் தன்னார்வலர்தானே என்று தப்பிக்க நினைக்காதே, பள்ளி அதிபரிடம் அன்றைக்கே போ. பிள்ளைகள் தாங்களே பேசக்கூடிய கிட்ஸ் ஹெல்ப்லைன் எண் 1800 55 1800, இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும். அதை வகுப்புச் சுவரில் ஒட்டி வை. யாருக்காக என்று சொல்லாமல் ஒட்டு.

உனக்கும் ஒரு வார்த்தை. கலிபோர்னியாவின் லோங் பீச்சில் எரின் க்ரூவெல் என்ற இளம் ஆசிரியையின் மாணவர்கள் எழுதிய நாட்குறிப்புகள் 1999இல் ‘ஃப்ரீடம் ரைட்டர்ஸ் டயரி’ என்று புத்தகமாக வந்தன. பெயர் இல்லாமல், எண் போட்ட பதிவுகள். அதைத்தான் மேலே உனக்குச் சொன்னேன். 2007இல் அது சினிமாவானபோது நடுவில் நின்றது ஆசிரியை. பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். நல்ல படம்தான், நானும் அழுதேன். ஆனால் பள்ளி ஆண்டு விழாவில் உன்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தும் திட்டம் யாருக்காவது வந்தால், உடம்பு சரியில்லை என்று வீட்டில் நின்றுவிடு.

நடைமுறைக்கு வருவோம். பாடப்புத்தகத்தை ஒரேயடியாகத் தூக்கி எறியாதே. பள்ளிக் குழுவுக்கும் பெற்றோருக்கும் பள்ளி இறுதிப் பரீட்சையான எச்.எஸ்.சி.யின் தமிழ்ப் பாடம் கண்ணுக்குள் நிற்கிறது, அவர்களோடு மல்லுக்கட்டினால் டேர்ம் முடிவதற்குள் உன்னை மழலை வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். கடைசி அரை மணி நேரத்தை மட்டும் கேள். முதல் மாதம் வாசிப்பு மட்டும், நீயே சத்தமாக வாசி. நல்ல இடத்தில் நேரமாகிவிட்டது என்று மூடு. பிரதிகளை மேசையில் விட்டுவிட்டுப் போ, எடுத்துக்கொண்டு போகச் சொல்லாதே. எத்தனை குறைந்திருக்கிறது என்று பிறகு எண்ணிப் பார். இரண்டாம் மாதம் தாள்கள். பள்ளி மண்டபத்தில் மேசை போதாது என்றால் பிளாக்டவுன் மக்ஸ் வெபர் நூலகத்தில் அறை கேட்டுப் பார், அங்கே குழுக்களுக்கு இடம் கொடுக்கிறார்கள்.

ஒருத்தன் மட்டும் எழுதவும் மாட்டான், தீர்ப்பும் சொல்ல மாட்டான், பின்வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பான். எல்லா வகுப்பிலும் இருக்கிறான். அவனை விட்டுவிடு. தொகுப்பு அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்க்க ஆள் இல்லை என்று அவன் காதில் விழும்படி சொல். அவன் சிவப்புப் பேனையை எடுத்தால், முதலில் உன்னுடைய முன்னுரையைக் கொடு.

அன்புடன்
மாமி